நினைவுப் பேழையின் வரலாறு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், உங்களுள் பலருடைய மேசைமீது இந்நேரம் கிடக்கும் ஒரு சிறு பெட்டி. உள்ளங்கையில் அடங்குவது; இருநூறு கிராம் நிறைகூட இராது. கணிப்பொறியோடு கேபிளால் இணைத்தால் ஒரு சிறு விளக்கு மினுக்கும். காதருகே வைத்தால் மெல்லிய சுழலோசை கேட்கும். கடைக்காரரிடம் ‘எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்’ என்று கேட்டு வாங்குகிறோம். தமிழில் எழுதுவோர் வன்தட்டு என்பர். நானும் அச்சொல்லையே ஆளுகின்றேன்.

வரலாறு பேச வந்தவன் கடைச் சரக்கைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் வியப்புறலாம். ஆனால், வரலாறு என்பது யாது? சென்ற காலத்தார் விட்டுச் சென்ற சான்றுகளைக் கொண்டு நாம் கட்டும் வீடு அது. கல்லில் வெட்டினர், செம்பில் பொறித்தனர், ஓலையில் எழுதினர். நம் தலைமுறையோ, தன் கடிதங்களையும் படங்களையும் குரலையும் இந்தச் சிறு பெட்டிக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகின்றது. அந்த நிம்மதிக்கு இடமுண்டா என்பதே இன்றைய வினா.

இவ்வினா எனக்குப் புத்தகத்திலிருந்து எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன், செங்கற்பட்டு வட்டாரத்து ஏரிகளைப் பற்றி நான் செய்தி திரட்டி வந்தேன். ஊர் ஊராகச் சென்று, மதகு திறந்து நீர் பங்கிட்ட முதியோர்களைக் கண்டு, அவர்கள் கூறியவற்றை ஒலிப்பதிவு செய்தேன். நாற்பத்து மூன்று பேரின் குரல்கள் ஒரே வன்தட்டில் சேர்ந்தன. ஒருநாள் மாலை, அப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோது என் கால் கேபிளில் தடுக்கிற்று. மேசையிலிருந்து தரை மூன்றடிதான். எடுத்து மீண்டும் இணைத்தேன். உள்ளே ‘டிக், டிக்’ என்று ஓர் ஒலி கேட்டது. ஒருமுறை அன்று, பத்து முறை இணைத்துப் பார்த்தேன். அந்தப் பத்து முறையும் நானே என் கையால் செய்த கேடு என்பதைப் பின்னர் அறிந்தேன். அதனை விளக்குமுன், இப்பெட்டி எவ்வாறு பிறந்தது என்பதைக் காண்போம்.

டென்மார்க்கு நாட்டிலே வால்டிமார் பவுல்சன் என்னும் பொறியாளர் ஒருவர் இருந்தார். எஃகுக் கம்பியின் மேல் மின்காந்தத்தை நகர்த்தி, பேச்சொலியைக் காந்தத் தடமாகப் பதித்து, மீண்டும் அதனைக் கேட்கலாம் என்று அவர் கண்டார். 1898ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1900ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சு யோசப்பு அக்கருவியின் முன் பேசினார். அக்குரல் இன்றும் அழியாமல் இருக்கின்றது. இன்று எஞ்சியுள்ள காந்தப் பதிவுகளுள் மிகப் பழையது அதுவே. இரும்புக்கு நினைவாற்றல் உண்டு என்னும் பேருண்மை அன்று நிலைநாட்டப்பட்டது. கம்பி பின்னர் நாடாவாயிற்று. நாடா வானொலி நிலையங்களை ஆண்டது.

ஆயினும் நாடாவில் ஒரு குறை உண்டு. நடுவிலுள்ள ஒரு செய்தி வேண்டுமானால், அதுவரையில் நாடா முழுவதும் ஓடியாகவேண்டும். சுவடிக்கட்டை முதல் ஏட்டிலிருந்தே ஒவ்வொன்றாகத் தள்ளிச் செல்வதைப் போன்றது அது. நினைத்த ஏட்டை நினைத்த நொடியில் திறக்கும் வழியொன்று வேண்டியிருந்தது.

அவ்வழியைக் கண்டோருக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது மாணவர்களாகிய உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ரெனால்டு சான்சன் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளியில் கற்பித்தவர். விடைத்தாளில் மாணவர் இடும் பென்சில் குறிகளை மின்சாரத்தால் உணர்ந்து மதிப்பெண் கூறும் கருவியை அமைத்தார். அக்கருவியே அவரை ஐ.பி.எம். நிறுவனத்திற்குக் கொண்டு சேர்த்தது. 1952ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள சான் ஓசே நகரில் ஒரு புதிய ஆய்வுக்கூடம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1956ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ‘ராமாக்’ என்னும் இயந்திரம் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. வன்தட்டின் முதல் தலைமுறை அதுவே.

அதன் தோற்றத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டடிக் குறுக்களவுள்ள ஐம்பது தட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டிருந்தன. நிமிடத்திற்கு 1,200 முறை அவை சுழன்றன. தட்டின் மேல் இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சு. அப்பூச்சைப் பெண்களின் காலுறைத் துணியில் வடிகட்டி, காகிதக் கோப்பையிலிருந்து சுழலும் தட்டின் நடுவில் ஊற்றிப் பரவச் செய்தனர் என்பர். பெரிய கண்டுபிடிப்புகளும் சமையலறைக் கைப்பக்குவத்தால் பிறப்பதுண்டு! நிறை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவோ ஐம்பது இலட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 5 மெகாபைட். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அவ்வளவு இடம் கொள்ளக்கூடும். இதற்கு மாத வாடகை 3,200 டாலர்!

1958ஆம் ஆண்டு பிரசல்சு உலகக் கண்காட்சியில் இவ்வியந்திரம் வரலாற்று ஆசிரியராகவே அமர்ந்தது. பார்வையாளர் ஓர் ஆண்டைக் குறிப்பிட்டால், அவ்வாண்டில் உலகில் நிகழ்ந்தவற்றைப் பத்து மொழிகளில் அது அச்சிட்டுக் கொடுத்தது. வன்தட்டு உலகமக்கள்முன் முதன்முதலில் செய்து காட்டிய தொண்டுகளுள் ஒன்று வரலாறு கூறுவதே என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்த படி, தட்டைப் பெட்டியிலிருந்து பிரித்தல். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். 1311 என்னும் கருவியில், ஆறு தட்டுகள் கொண்ட ஓர் அடுக்கைக் கழற்றி வேறிடத்திற்குக் கொண்டுசெல்ல முடிந்தது. அடுக்கின் நிறை ஏறத்தாழ நாலரைக் கிலோ. கொள்ளளவு இருபது இலட்சம் எழுத்துகள். நாம் இன்று பையிலிட்டுச் செல்லும் வன்தட்டின் பாட்டன் என்று அதனைக் கூறலாம். ஆனால், கழற்றி மாட்டுந்தோறும் தூசு புகுந்தது. ஆகவே 1973ஆம் ஆண்டில், தட்டையும் படிக்கும் முனையையும் ஒன்றாகவே மூடிய உறைக்குள் வைக்கும் முறை வந்தது. முப்பது மெகாபைட் கொண்ட இரண்டு தொகுதிகளாக அதனை அமைக்கக் கருதியமையால், ‘30-30’ என்னும் எண்ணுக்குப் பெயர்பெற்ற ‘வின்செசுடர்’ துப்பாக்கியின் பெயரைச் செல்லப்பெயராக வைத்தனர். இன்றுவரை வன்தட்டுகள் அந்த மூடிய உறையின் வழியினவே.

1980ஆம் ஆண்டில் சீகேட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல வன்தட்டு ஒன்றை வெளியிட்டது. கொள்ளளவு 5 மெகாபைட். அஃதாவது, ஒரு டன் நிறையுள்ள ராமாக் தாங்கிய அதே அளவு, இருபத்து நான்கு ஆண்டுகளில் மேசைக் கணிப்பொறிக்குள் ஒடுங்கிற்று. 1988ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆல்பர்ட் பெர்ட், செருமானிய நாட்டுப் பீட்டர் குருன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே ஓர் இயற்பியல் உண்மையைக் கண்டனர். சில அணுக்களே கனமுள்ள உலோகப் படலங்களை அடுக்கினால், மிக நுண்ணிய காந்தப்புல மாற்றத்திற்கும் அவற்றின் மின்தடை பெரிதும் மாறுகின்றது என்பதே அது. அவ்வுண்மையைக் கொண்டு செய்த படிப்புமுனைகள் 1997ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தன. தட்டில் மேலும் நெருக்கமாக எழுத முடிந்தது. 2007ஆம் ஆண்டில் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டும் விற்பனைக்கு வந்தது. ஒரு டெராபைட் என்பது இரண்டு இலட்சம் ராமாக் இயந்திரங்களுக்குச் சமம். இதற்கிடையே 1996ஆம் ஆண்டில் யுஎஸ்பி என்னும் பொது இணைப்பு முறை பிறந்து, ஒரே கேபிளில் செய்தியும் மின்சாரமும் செல்ல வழிசெய்தமையால், வன்தட்டு கணிப்பொறியை விட்டு வெளியே வந்து நம் கைப்பொருளாயிற்று.

இனி, உறைக்குள் நடப்பது யாது என்று பார்ப்போம். பளபளக்கும் தட்டு, கையடக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கின்றது. அச்சுழற்சியால் எழும் காற்றுப்படலத்தின்மேல் படிப்புமுனை மிதக்கின்றது. முனைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர். ஒரு தலைமயிரின் கனம் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். புகைத்துகள் ஒன்றுகூட அவ்விடைவெளியை நோக்கப் பெரும்பாறையாகும். ஓடும்போது பெட்டி அதிர்ந்தால் முனை தட்டில் மோதிக் கீறுகின்றது. கீறிய இடத்துச் செய்தி தூளாகின்றது. அத்தூள் மேலும் கீறுகின்றது. என் பெட்டியில் கேட்ட ‘டிக், டிக்’ ஒலி, அடையாளத் தடத்தைக் காணாத முனை திரும்பத் திரும்ப முயன்ற ஒலி. நான் இணைத்த ஒவ்வொரு முறையும் புண் பெரிதாயிற்று. பழுது பார்ப்போரிடம் கொண்டுசென்றபோது, தட்டின் மேல் வட்டமாக ஒரு கீறலைக் காட்டினர். அவர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

ஆகவே முதற்பாடம் இது: விழுந்த பெட்டியோ, புதிதாக ஒலி எழுப்பும் பெட்டியோ, மீண்டும் ஓட்டத் தகாதது. உடனே கேபிளை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பது இன்றியமையாததானால், தூசற்ற அறையும் தக்க கருவியும் உடைய மீட்புப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். வீட்டில் திருகாணியைக் கழற்றிப் பார்ப்பது அடியோடு ஆகாது.

வாங்கும்போது கருதவேண்டியவை யாவை? முதலாவது, உங்களுக்கு வேண்டிய கொள்ளளவைக் கணக்கிட்டு, அதைப்போல் இருமடங்கு வாங்குவது நன்று. படங்களும் ஒலிப்பதிவுகளும் வளர்ந்துகொண்டே போகும். ஒரு டெராபைட் என்று எழுதிய பெட்டியைக் கணிப்பொறியில் மாட்டினால் 931 என்று காட்டக்கூடும். ஏமாற்றிவிட்டனர் என்று எண்ணவேண்டா. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். கணிப்பொறி 1,024ஆக எண்ணுகின்றது. வேற்றுமை எண்ணும் முறையில் உள்ளதேயன்றிப் பொருளில் இல்லை.

இரண்டாவது, சுழலும் தட்டா, எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாத சில்லா என்பது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு இல்லை; ஆகவே விரைவு மிகுதி, வீழ்ச்சியையும் பெரிதும் தாங்கும். நாள்தோறும் பையில் சுமந்து செல்வோருக்கு அது ஏற்றது. ஆனால், அதே கொள்ளளவுக்கு விலை கூடுதல். மேலும், அது செய்தியை மின்னேற்றமாகப் பிடித்து வைப்பது. மின்சாரமின்றி நெடுங்காலம் பெட்டியில் பூட்டி வைத்தால் அம்மின்னேற்றம் கசியக்கூடும். வீட்டில் ஓரிடத்தில் வைத்து, பெருந்திரளான செய்தியைக் குறைந்த செலவில் காக்க எண்ணுவோருக்குச் சுழலும் தட்டே இன்னும் தக்கது. அவற்றுள்ளும் இரண்டரை அங்குல வகை யுஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் பெறும். மூன்றரை அங்குல வகைக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும்.

மூன்றாவது, விலை. பத்தாயிரக்கணக்கில் விற்கும் பேரளவுப் பெட்டியை ஒருவர் சில நூறு ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னால், அங்கே வஞ்சகம் உண்டென்று தெளியுங்கள். உள்ளே ஒரு சிறு நினைவட்டையை ஒட்டி, பொய்யான கொள்ளளவைக் காட்டும்படி செய்த பெட்டிகள் பல நாடுகளிலும் பிடிபட்டுள்ளன. அவற்றில் எழுதுவது போலத் தோன்றும். பின்னெழுதியது முன்னெழுதியதை அழித்துக்கொண்டே வரும். புதுப்பெட்டி எதுவாயினும், அது நிறையும் அளவு கோப்புகளை ஏற்றி, அவற்றைத் திறந்து பார்த்த பின்னரே நம்புதல் வேண்டும். உத்தரவாதச் சீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெட்டி பழுதானால் வேறு பெட்டி தருவர். உள்ளே இருந்த உங்கள் பாட்டியின் குரலைத் தரமாட்டார்கள்.

நான்காவது, எந்த முறையில் அதனை அமைப்பது என்பது. விண்டோஸ், மேக் ஆகிய இருவகைக் கணிப்பொறிகளிலும் படிக்கவேண்டுமானால் எக்ஸ்-ஃபேட் என்னும் அமைப்பு உதவும். பிறர் காணலாகாத செய்திகள் இருந்தால் மறைகுறியீட்டுப் பூட்டு இடலாம். ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் செய்தியும் போயிற்று. பூட்டிய பின் திறவுகோலைத் தொலைப்பது திருட்டினும் கொடியது.

பேணும் முறைகளும் எளியவையே. ஓடும் பெட்டியை அசைக்கலாகாது. மேசையின் விளிம்பிலும் மெத்தையின் மேலும் வைக்கலாகாது. மெத்தை காற்றை அடைத்து வெப்பத்தை வளர்க்கும். கேபிளைப் பிடுங்குமுன் கணிப்பொறியில் ‘எஜெக்ட்’ என்னும் ஆணையைக் கொடுத்து விடைபெறுதல் வேண்டும். காரணம் உண்டு: எழுதி முடித்ததாக நமக்குக் காட்டும் செய்தியில் ஒரு பகுதி இன்னும் கணிப்பொறியின் தற்காலிக நினைவிலேயே தங்கியிருக்கலாம். விடைபெறும்போது அது தட்டுக்குச் செல்கின்றது. சுழலும் வகையாயின், படிப்புமுனையும் தட்டை விட்டு விலகித் தன் இருப்பிடத்தில் அமர்கின்றது. நின்ற பெட்டி, ஓடும் பெட்டியைக் காட்டிலும் அதிர்ச்சியை நன்கு தாங்குவது இதனாலேயே.

நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு அஞ்ச வேண்டும். மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றுடன் வைக்கலாம். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான இடத்திற்குக் கொண்டுசென்றால், சற்று நேரம் பொறுத்தே இணைக்கவேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். எந்நேரமும் இணைந்தே கிடக்கும் பெட்டி, இடிமின்னலுக்கும், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரசுகளுக்கும் கணிப்பொறியோடு தானும் இரையாகும். மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் எடுத்து இணைத்து, சில கோப்புகளைத் திறந்து படித்துப் பார்க்கவேண்டும். ஐந்தாண்டு கடந்த பெட்டியை முதுமை எய்தியதாகக் கருதி, புதியதொன்றிற்குப் படியெடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தால் போதுமா? போதாது. எவ்வளவு நல்ல பெட்டியும் ஒருநாள் நின்றே தீரும். ஆகவே, காக்கவேண்டியது பெட்டியை அன்று; உள்ளே இருக்கும் செய்தியை. அதற்கு வழி, படிகளைப் பெருக்குவதே. மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைப் பொருள்களில் இருக்கவேண்டும். ஒன்றேனும் வேறோர் ஊரில் அல்லது வேறொரு வீட்டில் இருக்கவேண்டும். பீட்டர் கிராக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவச் செய்த விதி இது. ஆயினும் இதன் உண்மை நமக்குப் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பிக்க முடிந்தது எதனால்? அந்நூல்களின் ஏட்டுப்படிகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளிலும் மடங்களிலும் இருந்தமையால். ஒரு சுவடியில் செல்லரித்த இடம் மற்றொரு சுவடியில் செம்மையாக இருந்தது. ஓலை அழியும், ஆனால் அது அழியுமுன் புதிய ஓலையில் எழுதுவார் இருந்த நூல் பிழைத்தது. எழுதுவார் இல்லாத நூல் மாண்டது. ஒரே இடத்தில் குவித்த செல்வத்திற்கு நேரும் கதியை, 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது கண்டோம். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அங்கே சாம்பலாயின. மீண்டும் பெறவியலாத ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன.

மேல்நாட்டு வரலாறும் இதனையே கூறுகின்றது. 1969ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சியின் மூல நாடாக்களைத் தேடிய அமெரிக்க விண்வெளி நிறுவனம், அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்பட்டிருக்கவேண்டும் என்னும் முடிவை 2009ஆம் ஆண்டில் அறிவித்தது. தொலைக்காட்சி நிலையங்கள் எடுத்து வைத்திருந்த படிகளே அக்காட்சியைக் காத்தன. 1998ஆம் ஆண்டில் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அசைபடத்தைச் செய்துகொண்டிருந்தபோது, ஒருவர் தவறாக இட்ட ஆணையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப்படியும் பழுதுற்றிருந்தது, அதனை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை செய்த கேலின் சசுமன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டில் ஒரு படி இருந்தது. அக்கணிப்பொறியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி வந்தனர். படம் பிழைத்தது. வேறிடத்தில் ஒரு படி என்பதன் பயனை இதனினும் தெளிவாக யார் சொல்ல இயலும்?

படி இருந்தும் படிக்க இயலாமற் போவதும் உண்டு. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற ‘டூம்சுடே’ நிலக்கணக்கின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் புதிய கணக்கெடுப்பு ஒன்றைச் செய்து லேசர் தட்டில் பதித்தது. பள்ளிச் சிறுவர் உள்ளிட்ட பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பங்குகொண்டனர். பதினைந்தே ஆண்டுகளில் அத்தட்டைப் படிக்கும் கருவிகள் அருகிவிட்டன. அறிஞர்கள் அரும்பாடுபட்டே அச்செய்தியை மீட்டனர். தோலில் மையால் எழுதிய 1086ஆம் ஆண்டு ஏட்டையோ இன்றும் கண்ணால் படிக்கலாம். ஆகவே, பலரும் அறிந்த பொதுவான கோப்பு வகைகளையே தேர்ந்துகொள்ளுங்கள். கருவிகள் மாறும்போது செய்தியையும் உடன் மாற்றிக்கொண்டு வாருங்கள். அருமையான சிலவற்றை நல்ல தாளில் அச்சிட்டும் வையுங்கள்.

என் கதையை முடித்துவிடுகின்றேன். பழைய கைப்பேசியிலும், உடன்வந்த மாணவர் ஒருவரின் லேப்டாப்பிலும் தேடியதில், நாற்பத்து மூன்று குரல்களுள் இருபத்தொன்பது கிடைத்தன. பதினான்கு போயின. அவர்களுள் ஒன்பதின்மரை மீண்டும் சென்று கண்டேன்; பொறுமையோடு மறுபடியும் சொன்னார்கள். எஞ்சிய ஐவருள் ஒருவர், ஐம்பது ஆண்டு ஏரிக்காவல் செய்த நீர்க்கட்டி. கலங்கலில் நீர் விழும் ஓசையைக் கொண்டே ஏரியில் எத்தனையடி நீர் இருக்கின்றது என்று இருட்டிலும் சொல்லக்கூடியவர். அந்த ஓசைகளை ஒவ்வொன்றாக வாயால் எழுப்பிக் காட்டினார். நானும் பதிவு செய்தேன். மீண்டும் நான் அவ்வூருக்குச் சென்றபோது, அவர் மறைந்து நாற்பது நாள்கள் ஆகியிருந்தன. அவர் மகள் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, “அப்பா குரல் உங்ககிட்ட இருக்கில்ல சார்? ஒருதரம் போடுங்க, கேக்கணும்” என்றார். நான் என்ன விடை சொல்லியிருப்பேன் என்பதை உங்கள் ஊகத்திற்கே விடுகின்றேன்.

அவர் கூறிய சொற்கள் என் குறிப்பேட்டில் உள்ளன. குரல் இல்லை, அந்த ஓசைகளும் இல்லை. ஓசையை எழுத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. இன்று என்னிடமுள்ள பதிவுகளுக்கு மூன்று படிகள் இருக்கின்றன. ஒன்று என் மேசையறையில், மற்றொன்று இணையச் சேமிப்பில், மூன்றாவது வேறோர் ஊரில் என் தங்கையின் வீட்டு அலமாரியில். பொங்கலன்று அங்கே செல்லும்போதெல்லாம் அப்பெட்டியை எடுத்து ஓட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் முதியோர் இருப்பர். அவர்கள் பேச்சையும் பாட்டையும் நீங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கவும் கூடும். இப்பேச்சு முடிந்தவுடன் ஒன்று செய்யுங்கள். அப்பதிவு எத்தனை இடங்களில் இருக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்று விடை வந்தால், இன்றிரவு உறங்குமுன் அதனை இரண்டாக்குங்கள். மூன்றாவது படிக்கு அடுத்த வாரம் வரை பொறுக்கலாம்.